காசும் விசுவாசமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பணம் பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். சிலவற்றைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களைத் தவிர்த்துவிட்டோம். கணக்குகளில் வரும் தொகைகளை எந்த நாணயமாக வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம்.

சம்பளம் உயர்ந்ததும் சேமிக்கத் தொடங்கலாம் என்று நினைத்தேன். "பூமியிலே பொக்கிஷம் சேர்க்க வேண்டாம் என்று இயேசுவே சொல்லியிருக்க, உனக்கெதற்குச் சேமிப்புக் கணக்கு?" என்கிறார் என் மாமியார். அவர் சொல்வது சரியா?

அவருக்கு ஆதியாகமம் 41-ஐ வாசித்துக் காட்டுங்கள். செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொன்னவன் யோசேப்பு. லூக்கா 12-ல் வரும் ஐசுவரியவானும் தானியத்தைத்தான் சேர்த்தான். அவனை "மதிகேடனே" என்றார் தேவன். இருவருக்கும் என்ன வித்தியாசம்? யோசேப்பின் களஞ்சியத்துக்கு ஒரு தேதி இருந்தது, பசித்த ஜனம் இருந்தது. இவன் தன் ஆத்துமாவோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சில் இன்னொரு மனிதருக்கு இடமே இல்லை.

ஆகவே ஒவ்வொரு சேமிப்புக்கும் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: யாருக்காக, எவ்வளவு, எப்போது வரை. முதலில் அவசர நிதி. வீட்டில் இருவர் சம்பாதித்தால் மூன்று மாதச் செலவு, ஒருவர் மட்டும் என்றால் ஆறு மாதம், வருமானம் ஏறி இறங்கும் தொழில் என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம். சம்பளத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், செலவை எடுங்கள். இந்தப் பணம் வங்கியில், கேட்ட மறுநாள் கைக்கு வரும்படி இருக்க வேண்டும். "சும்மாதானே கிடக்கிறது" என்று அதைப் பங்குகளில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. வேலை போகிற காலமும் சந்தை விழுகிற காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும்.

கிரெடிட் கார்டில் 10,000 பாக்கி, மாத வட்டி 3 சதவீதம். வீட்டுக் கடன் தவணை தனி. நண்பர் ஒருவரிடம் வட்டியில்லாமல் வாங்கிய 2,000-மும் நிற்கிறது. இத்தனைக்கும் நடுவே தசமபாகம் கொடுத்தே ஆக வேண்டுமா? கொடுத்தால் மொத்தச் சம்பளத்திலா, வரி போகக் கையில் வருவதிலா?

முதலில் கார்டு. மாதம் 400 கட்டினால் அதில் 300 முதல் மாதம் வட்டிக்கே போய்விடும். கடன் தீர சுமார் 47 மாதம் ஆகும், மொத்தம் ஏறக்குறைய 18,800 கட்டியிருப்பீர்கள். அதையே 800 ஆக்கினால் 16 மாதத்தில் முடியும், மொத்தம் 12,700-தான். தவணையை இரட்டிப்பாக்கினால் காலம் மூன்றில் ஒன்றாகச் சுருங்குகிறது, வட்டியில் மட்டும் 6,000 மிச்சம். இதைவிட நிச்சயமான லாபம் தரும் முதலீடு எதுவும் உங்களுக்குக் கிடைக்காது.

வரிசை இது. கார்டை இன்றே பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த மருத்துவச் செலவு திரும்பக் கார்டில்தான் ஏறும், ஏறிய இடத்திலேயே நிற்பீர்கள். வீட்டுக் கடனுக்குக் குறித்த தவணையை மட்டும் கட்டிவிட்டு மிச்சம் அத்தனையையும் கார்டுக்குப் போடுங்கள். நண்பரின் கடனுக்கு வட்டி இல்லை என்பதால் அது கடைசியில் வரலாம், ஆனால் அவரிடம் வாய் திறந்து ஒரு தேதி சொல்லுங்கள். வட்டி கேட்காத மனிதரைக் கடைசி வரை இழுத்தடிப்பது நம்மில் சகஜமாகிவிட்டது. "துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்" என்ற சங்கீதம் 37:21 அவருக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இனி தசமபாகம். கடன் இருந்தாலும் பத்தில் ஒன்று முதலில் என்று போதிக்கிற சபைகள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை; எங்கள் கருத்து வேறு. எல்லாத் தவணையும் தவறாமல் கட்ட முடிகிறது, ஆடம்பரத்தைக் குறைத்தால் பத்து சதவீதமும் வரும் என்றால் கொடுங்கள். கொடுத்தால் தவணை தவறும் என்ற நிலையில், அது கடன் கொடுத்தவரின் பணம். அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டால் கொடுப்பவர் நீங்கள் அல்ல, அவர்தான். பெற்றோருக்குரியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததையும் (மாற்கு 7:11) இதோடு வாசியுங்கள். ஆனால் பூஜ்யமாகவும் ஆக்கிவிடாதீர்கள். கடன் முடிந்ததும் கொடுக்கிறேன் என்பவர் முடிந்த பிறகும் கொடுப்பதில்லை, கை பழகாமல் போய்விடும். இரண்டோ மூன்றோ சதவீதம் என்று ஒன்றைக் குறித்து, சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள். கார்டு கடன் முடிந்ததும் விடுபடும் 800-ல் கால் பங்கைக் காணிக்கையோடு சேர்த்து, மீதியை அடுத்த கடனுக்குத் திருப்புங்கள். ஒருவனிடத்தில் இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்பது 2 கொரிந்தியர் 8:12.

மொத்தமா, கையில் வருவதா? நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் வயலின் விளைச்சலுக்கும் மந்தைக்கும் சொல்லப்பட்டது. சம்பளத்தில் வரிப் பிடித்தம் என்ற ஒன்று அங்கே இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் நில்லுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: விற்பனைத் தொகையில் பத்தில் ஒன்றை எடுத்தால் கடை மூடப்படும். கொள்முதல், கூலி, வாடகை போக நிற்கும் லாபம்தான் கணக்கு.

சபையில் ஒரு சகோதரர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லை என்றாகிவிடுமா?

ஆகாது. நீதிமொழிகள் இதைப் பற்றி 6:1, 11:15, 17:18, 22:26 என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது 22:27.

ஜாமீன் கையெழுத்தை நற்சான்றிதழ் மாதிரி நினைத்துப் போடுகிறார்கள். பல பத்திரங்களில் நிலைமை என்னவென்றால், வாங்கியவரை முதலில் துரத்திவிட்டுப் பிறகு உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. முதல் நாளே உங்கள் கதவைத் தட்டலாம். "இதன்பின் வழங்கப்படும் எல்லாக் கடன்களுக்கும்" என்று ஒரு வரி இருந்தால், அவர் நாளைக்கு வாங்குவதற்கும் நீங்களே பொறுப்பு.

உதவ மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை நேரடியாகக் கொடுத்துவிடுங்கள். அதுவும் முடியாமல் கையெழுத்துத்தான் என்றால் நான்கு நிபந்தனை: உச்சத் தொகை எண்ணாலும் எழுத்தாலும் பத்திரத்தில் இருக்க வேண்டும்; முடிவுத் தேதி வேண்டும்; ஒரு தவணை தவறினாலும் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; வாழ்க்கைத் துணைக்குத் தெரியாமல் கையெழுத்து இல்லை. பத்திரத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஐக்கியத்தில் ஒருவர் "ராஜ்யத்தின் முதலீடு" என்று ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறார். மாதம் 5 சதவீதம் தருகிறார். நான்கு மாதமாகச் சிலருக்கு ஒழுங்காக வருகிறது. போதகரும் சேர்ந்திருக்கிறார். சேரலாமா?

வேண்டாம்.

மாதம் 5 சதவீதத்தை எடுக்காமல் விட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். அத்தனை லாபம் உண்மையிலேயே வரும் தொழிலுக்கு வங்கி அதில் சிறு பகுதி வட்டிக்கே கடன் கொடுக்குமே! விசுவாசிகளிடம் அதிக வட்டிக்கு ஏன் திரட்ட வேண்டும்? நான்கு மாதம் ஒழுங்காக வந்தது என்பது எதையும் நிரூபிக்காது. பின்னால் சேர்ந்தவரின் முதலை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்கு லாபமென்று கொடுத்தாலும் பார்வைக்கு இப்படியேதான் இருக்கும். புதியவர்கள் வருவது குறையும் மாதத்தில் எல்லாம் நிற்கும்.

1995-ல் அமெரிக்காவில் "நியூ ஈரா" என்ற அறக்கட்டளை இப்படித்தான் சரிந்தது. பெயர் சொல்ல விரும்பாத கொடையாளர்கள் இருக்கிறார்கள், நீங்கள் தரும் பணத்துக்குச் சமமாக அவர்களும் போடுவார்கள், சில மாதங்களில் இரட்டிப்பாகத் திரும்ப வரும் என்றார்கள். அப்படிப்பட்ட கொடையாளர்கள் இருக்கவே இல்லை. ஏமாந்தவற்றில் கிறிஸ்தவக் கல்லூரிகளும் ஊழிய அமைப்புகளும் ஏராளம். விசாரிக்கத் தெரியாதவர்களா அவர்கள்? பக்கத்து அமைப்புக்கு வந்துவிட்டதே என்ற நம்பிக்கையில் விசாரிக்காமல் விட்டார்கள். லாபம் பார்த்த அமைப்புகளும் பின்னர் பணத்தைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

அந்தச் சகோதரரிடம் கேட்க வேண்டியவை: பதிவு எண் என்ன? (அவர் காட்டும் சான்றிதழ் போதாது, ஒழுங்குமுறை அமைப்பிடம் நீங்களே நேராகச் சரிபாருங்கள்.) பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது? தணிக்கை செய்தவர் யார், அவருக்கும் இவருக்கும் உறவுண்டா? முதலை எத்தனை நாளில் திரும்ப எடுக்கலாம்? ஆள் சேர்ப்பவருக்குத் தரகு உண்டா, போதகருக்கு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு "விசுவாசம் இல்லையா" என்று பதில் வந்தால் அதுவே பதில். ஐசுவரியவானாகிறதற்குத் தீவிரிக்கிறவன் ஆக்கினைக்குத் தப்பான் என்பது நீதிமொழிகள் 28:20.

ஏற்கெனவே போட்டவர்கள் லாபத்தை விடுங்கள், முதலை இப்போதே எழுத்தில் கேளுங்கள். ரசீது, குறுஞ்செய்தி, வங்கிப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் கட்டினால் விடுவிக்கிறோம்" என்றால் ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டணம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன் என்று பிறகு ஒருவர் வருவார். அது இரண்டாவது மோசடி.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வட்டிக்குக் கொடுக்கலாமா? வங்கி வைப்புக்கு வட்டி வாங்குவதே தவறு என்கிறார் நண்பர்.

யாத்திராகமம் 22:25, லேவியராகமம் 25:35-37 இரண்டையும் நிதானமாக வாசித்தால், அங்கே வட்டி வாங்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர் கைநலிந்த ஏழைச் சகோதரர் என்பது தெரியும். உபாகமம் 23:19-20 இன்னும் அகலமாக, சகோதரனிடம் எந்த வட்டியும் வேண்டாம், அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. நெகேமியா 5-ல் பஞ்சத்தில் வயலையும் திராட்சத்தோட்டத்தையும் அடகு வைத்தவர்களிடம் நூற்றுக்கு ஒன்று வாங்கியவர்களை நெகேமியா சபை கூட்டி நிறுத்தினார், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வைத்தார். அதே சமயம் தாலந்து உவமையில், காசுக்காரர் வசம் போட்டிருந்தால் வட்டியோடே வாங்கியிருப்பேனே என்கிறான் எஜமான் (மத்தேயு 25:27).

சபை சரித்திரமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது. 325-ல் கூடிய நிசேயா சங்கம் (ஆயர்களின் பொதுச் சபை) குருமார் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. 1462-ல் இத்தாலியின் பெருஜியாவில், பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால், ஏழைகளுக்கு அடகின் பேரில் குறைந்த செலவில் கடன் கொடுக்கும் நிதியம் உருவானது. நடத்தும் செலவுக்காக அது சிறு தொகை வாங்கியதே பெரிய சர்ச்சையாகி, 1515-ல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அதை அனுமதித்த பிறகுதான் ஓய்ந்தது. சீர்திருத்தத் தலைவரான கால்வின் தொழில் கடனுக்கு வட்டியை ஏற்றார், ஏழையிடம் வாங்குவதை ஏற்கவில்லை.

எனவே வாங்குபவர் அந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறார் என்று பாருங்கள். இயந்திரம் வாங்கி அதில் சம்பாதிக்கப் போகிறார் என்றால் நியாயமான வட்டியோ லாபப் பங்கோ பேசலாம். லாபப் பங்கு என்றால் நஷ்டத்திலும் அதே விகிதம் உங்களுக்கு உண்டு என்று எழுத வேண்டும். லாபத்தில் மட்டும் கூட்டாளியாக இருப்பது வட்டிக்கு இன்னொரு பெயர்தான். மருத்துவமனைக்கோ அரிசிக்கோ கேட்கிறார் என்றால் வட்டி வேண்டாம். அப்போதும் தொகை, தேதி, இருவர் கையெழுத்தோடு ஒரு தாள் எழுதுங்கள், அது சந்தேகத்தின் அடையாளமல்ல. அடகாக அவர் பிழைக்கும் கருவியைக் கேட்காதீர்கள்: உபாகமம் 24:6 திரிகைக் கல்லை அடகு வாங்காதே என்கிறது. 24:10-11 இன்னும் நுணுக்கம். அடகை எடுக்க அவன் வீட்டுக்குள் நீ போகாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும் என்கிறது. கடன் வசூலிக்க வாசலில் ஆள் வைத்துக் கத்தும் வழக்கத்தை இந்த இரண்டு வசனத்தின் முன் நிறுத்திப் பாருங்கள்.

வங்கி வைப்பில் உங்களிடம் கடன் வாங்குவது வங்கி, ஏழை அல்ல. உங்கள் நண்பர் நிம்மதியாக இருக்கலாம்.

பங்குச் சந்தை சூதாட்டம்தானே?

பங்கு என்பது ஒரு நிறுவனத்தில் உரிமை. அது சம்பாதித்தால் உங்களுக்கும் பங்குண்டு. காலையில் வாங்கி மாலையில் விற்பதும், கடன் வாங்கி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களில்) விளையாடுவதும் வேறு கதை. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம், தரகுச் செலவு போனால் கூட்டாக எல்லோருக்கும் நஷ்டம். அந்தப் பகுதியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதை ஏற்கிறோம்.

ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணம் பங்குகளில் இருக்கக் கூடாது. மீதிக்கு, பல நிறுவனங்களில் பரவிய, செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி) ஒன்றில் மாதாமாதம் போடுவது பெரும்பாலானோருக்குப் போதும். "கைப்பாடாய்ச் சேர்க்கிறவனோ விருத்தியடைவான்" (நீதிமொழிகள் 13:11) என்பதற்கு ஒரு கணக்கு: மாதம் 100, ஆண்டுக்கு 8 சதவீத வளர்ச்சி என்று வைத்தால் 20 வருஷத்தில் ஏறக்குறைய 58,900, 30 வருஷத்தில் 1,49,000. கடைசிப் பத்து வருஷம்தான் பெரும்பகுதியைத் தருகிறது. அதற்கு முன்னால் எடுத்துவிடுவதே நடப்பது. அதே 30 வருஷத்தில் ஃபண்ட் கட்டணமாக ஆண்டுக்கு 2 சதவீதம் போனால் கையில் வருவது ஒரு லட்சம் சொச்சம்தான், மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தில் கரைந்திருக்கும். "கிறிஸ்தவ ஃபண்ட்" என்ற பெயர்ப் பலகைக்காகக் கூடுதல் கட்டணம் கொடுக்கும் முன் இதை நினையுங்கள்.

மது, புகையிலை, சூதாட்ட நிறுவனங்களைத் தவிர்க்க விரும்புவது நியாயமே. 1971-ல் அமெரிக்க மெதடிஸ்டுகள் இருவர் தொடங்கிய பாக்ஸ் வேர்ல்ட் ஃபண்ட், வியட்நாம் போர்க்காலத்தில் ஆயுத நிறுவனங்களையும் ஒதுக்கியது. நீங்கள் பார்க்க வேண்டியது: ஃபண்டின் முழுப் பட்டியல் (முதல் பத்துப் பெயர் போதாது), ஒதுக்குவதற்கான வரம்பு என்ன (வருமானத்தில் 5 சதவீதமா, 10-ஆ), பட்டியலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். நூறு சதவீதம் சுத்தமான ஃபண்ட் கிடைக்காது. பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்று இருந்தால் அதன் அலமாரியில் சிகரெட்டும் இருக்கும்.

எவ்வளவு சேர்த்தால் போதும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லாக் கேள்விக்கும் இதுவே முதலில் வர வேண்டியது.

ஓய்வுக்காலத்துக்கு ஒரு தோராயக் கணக்கு, ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையின் பழைய விவரங்களை வைத்து, முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனால் 30 வருஷம் தாங்கும் என்று காட்டினார். விலைவாசி வேகமாக ஏறும் நாட்டிலோ, 30 வருஷத்துக்கு மேல் ஓய்வு இருந்தாலோ 30 மடங்கு வையுங்கள். வீடு, பிள்ளைகள் படிப்பு, பெற்றோர் பராமரிப்பு தனி. இவற்றைக் கூட்டினால் ஒரு எண் வரும். அதைத் துணையோடு உட்கார்ந்து எழுதுங்கள், தேதி போடுங்கள், விலைவாசிக்கு மட்டும் ஆண்டுதோறும் திருத்துங்கள். ஆசைக்குத் திருத்தாதீர்கள்.

வருமானம் உயரும்போது என்ன செய்வது என்பதற்கு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு உதாரணம் சொல்லியிருக்கிறார். ஒருவருக்கு ஆண்டு வருமானம் 30 பவுண்டு, 28-ல் வாழ்ந்து 2 கொடுத்தார். அடுத்த ஆண்டு 60 வந்தது. அப்போதும் 28-ல் வாழ்ந்து 32 கொடுத்தார். 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. அது வெஸ்லியேதான் என்பார்கள். குடும்பஸ்தருக்கு இது அப்படியே பொருந்தாது. சம்பள உயர்வில் பாதியையாவது வாழ்க்கைச் செலவுக்குள் விடாமல், அதைக் காணிக்கைக்கும் சேமிப்புக்கும் முன்கூட்டியே பிரித்துவிடுவது யாருக்கும் முடியும். உயர்வு கைக்கு வரும் முன் வங்கிக்கு உத்தரவு கொடுங்கள். வந்த பிறகு பிரிப்பது நடக்காது.

சபைக் கட்டிட நிதிக்கு லாட்டரி நடத்தலாமா?

வேண்டாம். பரிசுக்காகக் கொடுப்பவரிடம் கொடுக்கும் பழக்கம் வளராது. கட்டிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று லூக்கா 14:28 சொல்வதுபோல் முன்னமே உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பாதியாவது கையில் வந்த பிறகு அஸ்திபாரம் போடுங்கள்.

எனக்கு 68 வயது. சொத்தைப் பிள்ளைகளுக்கு இப்போதே எழுதிவிடலாமா? ஊழியத்துக்கும் ஒரு பங்கு கொடுக்க ஆசை.

எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவச் செலவுக்குப் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கும் நிலை வேண்டாம். குடியிருக்கும் வீட்டையும் மேலே சொன்ன 'போதும்' தொகையையும் உங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு, மிச்சத்திலிருந்து இப்போது கொடுங்கள். கொடுப்பது எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

மீதிக்கு உயில். வங்கிக் கணக்கு, காப்பீடு, நிலப் பத்திரம், கொடுத்த கடன், வாங்கிய கடன் அனைத்தையும் ஒரே தாளில் பட்டியலிட்டு, எங்கே இருக்கிறது என்பதை ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். ஊழியத்துக்கான பங்கைத் தொகையாக எழுதாமல் சதவீதமாக எழுதுங்கள்; சொத்து மதிப்பு குறைந்தால் தொகை முழுதும் பிள்ளைகள் பங்கிலிருந்து போய்ச் சண்டை வரும். அமைப்பின் பதிவுப் பெயரை அப்படியே எழுத வேண்டும், "நம்ம சபைக்கு" என்றால் எந்தச் சபை என்று நீதிமன்றம் கேட்கும். உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போடும் இருவரும் உயிலில் பங்கு பெறுபவர்களாக இருக்கக் கூடாது; ஆகவே ஊழியப் பங்கு அவர் சபைக்குப் போகிறது என்றால் போதகரைச் சாட்சியாக அழைக்காதீர்கள்.